உலை கொதிக்கும் நேரத்து ஜெபம்: வாசகர் கேள்வி பதில்

பிள்ளைகளுக்கு விசுவாசத்தையும் ஜெபத்தையும் வீட்டில் எப்படிக் கற்றுக்கொடுப்பது என்பதைக் குறித்துக் கேள்விகள் அனுப்பும்படி சென்ற இதழில் கேட்டிருந்தோம். வந்த கடிதங்களில் ஐந்துக்கு இந்த மாதம் பதில் எழுதுகிறேன். கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன், பெயர்களை விட்டுவிட்டேன்.

கேள்வி: எங்களுக்கு ஏழு வயதில் ஒரு மகனும் நான்கு வயதில் ஒரு மகளும் இருக்கிறார்கள். என் கணவருக்கு ஆலையில் ஷிப்டு வேலை. நானும் வேலைக்குப் போகிறேன். நான் பிறந்து வளர்ந்த வீட்டில் தினமும் இரவு எட்டு மணிக்குப் பாட்டு, சங்கீதம், வேதவாசிப்பு, அப்பாவின் நீண்ட ஜெபம் என்று முக்கால் மணி நேரம் குடும்ப ஜெபம் நடக்கும். எங்கள் வீட்டில் வாரத்துக்கு இரண்டு நாள்கூட அப்படி உட்கார முடிவதில்லை. உட்கார்ந்தாலும் மகள் தூங்கிவிடுகிறாள். மகன் சுவரிலுள்ள பல்லியைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். பிள்ளைகளை விசுவாசத்தில் வளர்க்கத் தவறிவிட்டோமோ என்ற குற்றவுணர்வு என்னை விடுவதில்லை.
(வாசகி, தூத்துக்குடி)

பதில்: அன்புச் சகோதரி, முதலில் அந்தக் குற்றவுணர்வை இறக்கி வையுங்கள். பவுல் அப்போஸ்தலன் நடு இராத்திரிவரை பிரசங்கித்தபோது ஐத்திகு என்னும் வாலிபன் ஜன்னலில் உட்கார்ந்தபடியே தூங்கி மூன்றாம் மாடியிலிருந்து விழுந்தான் என்று அப்போஸ்தலர் நடபடிகள் சொல்கிறது. அதற்காக அவனை யாரும் கடிந்துகொண்டதாக அங்கே எழுதப்படவில்லை. நான்கு வயதுப் பிள்ளை ஜெபச் சத்தம் காதில் விழ, தாயின் மடியில் தூங்குவதை நான் நல்ல காரியமாகவே எண்ணுகிறேன். அவளை எழுப்ப வேண்டாம்.

பிள்ளைகளுக்குக் கருத்தாய்ப் போதிக்கும்படி உபாகமம் ஆறாம் அதிகாரத்தில் கட்டளை வருகிற இடத்தை இன்னொரு முறை வாசித்துப் பாருங்கள். வீட்டில் உட்கார்ந்திருக்கிறபோதும், வழியில் நடக்கிறபோதும், படுத்துக்கொள்ளுகிறபோதும், எழுந்திருக்கிறபோதும் பேச வேண்டும் என்று அங்கே நான்கு வேளைகள் குறிக்கப்பட்டிருக்கின்றன. இந்த நான்கில் ஒன்றுக்காவது நீங்கள் தனியாக நேரம் ஒதுக்க வேண்டியதில்லை. நீங்கள் எப்படியும் உட்காருகிறீர்கள், பிள்ளையைப் பள்ளிக்கு அழைத்துக்கொண்டு நடக்கிறீர்கள், படுக்கிறீர்கள், எழுந்திருக்கிறீர்கள். மார்ட்டின் லூதர் 1529-ல் சிறிய ஞானோபதேசம் என்ற கேள்வி பதில் நூலை எழுதியபோது அதைக் குடும்பத் தலைவர்கள் தங்கள் வீட்டாருக்குச் சொல்லிக்கொடுக்கும் முறையில் அமைத்து, காலையில் எழுந்ததும் சொல்லவும், இரவில் படுக்கும்போது சொல்லவும், சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் சொல்லவும் சிறு ஜெபங்களை அதனுடன் சேர்த்தார். 1706-ல் தரங்கம்பாடிக்கு வந்த ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்க் அந்த நூலைத் தமிழாக்கினார். ஞாயிறு பள்ளி என்ற ஏற்பாடோ 1780-ஐ ஒட்டித்தான் இங்கிலாந்தின் குளோஸ்டர் நகரில், வாரமெல்லாம் வேலைசெய்த ஏழைப் பிள்ளைகளுக்கு எழுத்தறிவும் வேதமும் கற்றுக்கொடுக்க ராபர்ட் ரெய்க்ஸ் எடுத்த முயற்சியால் பரவத் தொடங்கியது. அதற்கு முன் பல நூற்றாண்டுகளாகச் சிறு பிள்ளைகள் ஜெபத்தைக் கற்றுக்கொண்ட இடங்களில் முதன்மையானவை அடுப்படியும் படுக்கையும்தான்.

நான் கற்றுக்கொண்ட இடத்தைச் சொல்கிறேன். எங்கள் அம்மா சமையலுக்கு உழக்கால் அரிசியை அளந்து சுளகில் கொட்டிய பிறகு, அதிலிருந்து ஒரு பிடி அள்ளி, அடுப்படி மூலையிலிருந்த பழைய பால்மாவு டப்பாவில் போடுவார்கள். மாதக் கடைசியில் அந்த அரிசி ஆலயத்துக்குப் போகும். சபையில் அதற்குப் பிடியரிசிக் காணிக்கை என்று பெயர். டப்பாவில் போடும்போது அம்மாவின் உதடு அசையும், சத்தம் வராது. என்ன சொல்கிறீர்கள் என்று ஒருநாள் கேட்டேன். "இன்றைக்கு உலை வைக்க அரிசி இல்லாத வீட்டை நினைத்தருளும் ஆண்டவரே என்று சொல்வேன்" என்றார்கள். எங்கள் வீட்டிலேயே அரிசி குறைந்துபோன மாதங்களில் அந்தப் பிடி சிறுத்தது, நிற்கவில்லை. "எங்களுக்கு வேண்டிய ஆகாரத்தை இன்று எங்களுக்குத் தாரும்" என்று பரமண்டல ஜெபத்தில் சொல்லும்போதெல்லாம், அறுபது வயதைக் கடந்த பிறகும் எனக்கு அந்த டப்பாவின் மூடி திறக்கும் சத்தம் கேட்கிறது. மிசோரம் சபைகளின் பெண்கள் 1910-ல் தொடங்கிய இதே வழக்கம், கைப்பிடி கைப்பிடியாகச் சேர்ந்து, அந்தச் சபையின் ஊழியங்களைத் தாங்கும் பெரிய காணிக்கையாக வளர்ந்திருப்பதையும் அறிந்திருப்பீர்கள்.

ஆகவே உங்களுக்கு நான் சொல்லக்கூடியது இது. கணவர் வீட்டிலிருக்கும் ஏதாவது ஒரு நாள் மாலையில் பத்து நிமிடம் எல்லாரும் சேர்ந்து உட்காருங்கள். பாட்டை மகன் தெரிந்தெடுக்கட்டும். மற்ற நாட்களில், ஏற்கெனவே நடக்கிற ஒரு காரியத்தோடு ஒரு வரி ஜெபத்தைச் சேர்த்துவிடுங்கள். குக்கரை அடுப்பில் ஏற்றும்போது ஒரு வரி. தெருவில் ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டால், "அந்த வண்டியில் இருக்கிறவரைக் காத்துக்கொள்ளும்" என்று ஒரு வரி. கணவர் இரவு ஷிப்டுக்கு வண்டியைக் கிளப்பும்போது வாசலில் நின்று ஒரு வரி. பிள்ளைகள் காதுபடச் சொல்லுங்கள். அவர்களையும் சொல்லும்படி கட்டாயப்படுத்தாதீர்கள். பல்லியைப் பார்த்துக்கொண்டிருக்கிற மகனின் காது உங்கள் பக்கம்தான் இருக்கிறது.

கேள்வி: என் ஆறு வயது மகன் அவனுடைய பாட்டியோடு மிகவும் ஒட்டுதலாக இருந்தான். பாட்டி மருத்துவமனையில் இருந்த மூன்று வாரமும் தினமும் முழங்காலில் நின்று, சுகமாக்கும்படி ஜெபித்தான். நாங்களும் "நீ ஜெபித்தால் பாட்டி வந்துவிடுவார்கள்" என்று சொல்லியிருந்தோம். பாட்டி இறந்துவிட்டார்கள். இப்போது இரவு ஜெபத்துக்குக் கூப்பிட்டால், "நான் இனிமேல் ஜெபம் பண்ண மாட்டேன், இயேசப்பா கேட்கவே இல்லை" என்று போர்வையை இழுத்து மூடிக்கொள்கிறான். என்ன பதில் சொல்வது?
(வாசகர், நாகர்கோவில்)

பதில்: உங்கள் கடிதத்தை நான் பலமுறை வாசித்தேன். தாயை இழந்த துக்கத்தோடு மகனின் துக்கத்தையும் சுமக்கிறீர்கள்; ஆண்டவர் உங்களைத் தேற்றுவாராக.

பதில் சொல்ல அவசரப்பட வேண்டாம். இப்படிப்பட்ட வேளையில் பெரியவர்கள் வாயில் வந்துவிடுகிற சில பேச்சுகளை மட்டும் தவிர்த்துவிடுங்கள். பாட்டியை ஆண்டவருக்குப் பிடித்துப்போனதால் எடுத்துக்கொண்டார் என்று சொன்னால், அடுத்து அம்மாவையும் பிடித்துவிடுமோ என்று பிள்ளை பயப்படும். பாட்டி தூங்குகிறார்கள் என்று சொன்னால், சாவு மீளாதது என்பதை இப்போதுதான் விளங்கிக்கொள்ளத் தொடங்கும் அந்த வயதில் தூங்கவே அஞ்சும் பிள்ளைகள் உண்டு. இன்னும் விசுவாசத்தோடு கேட்டிருக்க வேண்டும் என்று உறவினர் யாராவது அவனிடம் சொல்லியிருந்தால், தயவுசெய்து அது சரியல்ல என்று அவனிடம் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். பாட்டியின் மரணத்தை ஒரு ஆறு வயதுப் பிள்ளையின் தோளில் ஏற்றிவைக்க யாருக்கும் உரிமை இல்லை.

"நீ ஜெபித்தால் வந்துவிடுவார்கள்" என்று நீங்கள் சொன்னது அன்பினால் சொன்னது. ஆனாலும் ஆண்டவர் தராத வாக்கை நாம் அவர் பெயரால் கொடுத்துவிட்டோம். அதை நீங்களே அவனிடம் ஒத்துக்கொள்ளுங்கள். "அப்பா அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. நானும் உன்னைப்போலவேதான் ஜெபித்தேன். ஏன் சுகமாகவில்லை என்று எனக்கும் தெரியவில்லை. எனக்கும் அழுகை வருகிறது" என்று சொல்லுங்கள். தகப்பன் தெரியாது என்று சொல்வதால் பிள்ளையின் விசுவாசம் குலையாது. பெரியவர்கள் விளக்கம் என்ற பெயரில் எதையோ மறைக்கிறார்கள் என்று தோன்றினால்தான் அது குலையும்.

பிறகு அவன் கேட்கும் மனநிலையில் இருக்கும் ஒருநாளில், வேதத்தில் இருக்கும் அவனுடைய கூட்டாளிகளைக் காட்டுங்கள். "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்றுதான் பதின்மூன்றாம் சங்கீதம் தொடங்குகிறது. நம் பாட்டுப் புத்தகங்களில் இவ்வளவு நேராகப் பேசும் பாட்டு எத்தனை இருக்கும் என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன். பவுல் தன் மாம்சத்திலிருந்த முள் நீங்கும்படி மூன்றுதரம் வேண்டிக்கொண்டார், முள் நீங்கவில்லை. கெத்செமனேயில் இயேசுவே அந்தப் பாத்திரம் தம்மைவிட்டு நீங்கும்படி கேட்டார். அவரும் சிலுவைக்குப் போக வேண்டியிருந்தது. லாசருவின் கல்லறையண்டையில், சற்று நேரத்தில் அவனை எழுப்பப்போகிறவர் கண்ணீர் விட்டார். "பாட்டி இறந்தபோது இயேசப்பாவும் அழுதிருப்பார்" என்று நீங்கள் தயங்காமல் சொல்லலாம்.

"இயேசப்பா கேட்கவே இல்லை" என்று அவன் சொல்வதும் ஒரு ஜெபந்தான். யாரைக் குறித்து முறையிடுகிறான் என்பது அவனுக்குத் தெரிந்திருக்கிறது. ஆகையால் இரவில் அவனைக் கூப்பிட்டு உட்காரவைக்க வேண்டாம். அவன் போர்வைக்குள் இருக்கட்டும். நீங்கள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, அவன் கேட்கும் அளவுக்குச் சத்தமாக, இரண்டு நிமிடம் ஜெபியுங்கள். அதில் பாட்டிக்காக நன்றி சொல்லுங்கள். பொதுவாக அல்ல, அவனுக்குத் தெரிந்தபடி. பாட்டி அவனுக்குப் பிசைந்து ஊட்டிய பழஞ்சோற்றுக்காக, கதை சொல்லும்போது மாற்றிப் பேசிய குரலுக்காக. அவன் ஆமென் சொல்லாவிட்டால் நீங்களே சொல்லி, அவன் தலையில் கைவைத்து ஆசீர்வதித்துவிட்டு எழுந்து போங்கள். நவம்பர் 2-ஆம் தேதி கல்லறைத் திருநாளன்று அவனையும் கூட்டிக்கொண்டுபோய், கல்லறையைச் சுத்தம் செய்யவும் மெழுகுவர்த்தி ஏற்றவும் அவன் கையில் ஒரு வேலை கொடுங்கள். மரித்தோரின் உயிர்த்தெழுதலை நம்புகிறோம் என்று ஞாயிறுதோறும் நாம் விசுவாசப்பிரமாணத்தில் சொல்வதை அவனுக்கு விளக்க, அந்தக் கல்லறைத் தோட்டத்தைவிடப் பொருத்தமான இடம் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

கேள்வி: எங்கள் மகள் தினமும் "அப்பாவை ஆசீர்வதியும், அம்மாவை ஆசீர்வதியும், தம்பியை ஆசீர்வதியும்" என்று ஒரே மூச்சில் ஒப்பித்துவிட்டுப் படுத்துவிடுகிறாள். பொருள் உணர்ந்து செபிக்க வைப்பது எப்படி? நாங்கள் கத்தோலிக்கர்.
(வாசகி, திருச்சி)

பதில்: ஒப்பிப்பதைக் கண்டு கவலைப்பட வேண்டாம். மனப்பாடமான வார்த்தைகள் உள்ளே இருந்தால்தான், பின்னால் தேர்வறை வாசலிலோ மருத்துவமனை வராந்தாவிலோ வாய் அடைத்து நிற்கும்போது அவை எழுந்து வரும். உங்கள் செபமாலைக்கும் இது பொருந்தும் என்று நினைக்கிறேன். அந்த வார்த்தைகளை நிறுத்தாமல், அதற்கு முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். "இன்றைக்கு உங்கள் வகுப்பில் யாராவது அழுதார்களா?" அழுத பிள்ளையின் பெயர் அன்றைய செபத்தில் சேரட்டும். மறுநாள் வேறு கேள்வி: "இன்றைக்கு உனக்கு எது சிரிப்பு மூட்டியது?" அது நன்றியாகட்டும். ஒரு நாளைக்கு ஒரு கேள்வி போதும்.

கேள்வி: அடுக்குமாடிக் குடியிருப்பில் வசிக்கிறோம். விநாயகர் சதுர்த்தியன்று கீழ்வீட்டுப் பையன் கொழுக்கட்டை கொண்டுவந்தபோது, எட்டு வயதான என் மகன், "உங்கள் சாமி பொய்ச்சாமி, எனக்கு வேண்டாம்" என்று சொல்லிவிட்டான். அந்தப் பையன் அழுதுகொண்டே போனான். இருவரும் ஒன்றாகக் கிரிக்கெட் விளையாடுகிறவர்கள். விசுவாசத்தில் உறுதியாக இருக்கிறான் என்று மகிழ்வதா, கண்டிப்பதா என்று தெரியவில்லை.
(வாசகர், சென்னை)

பதில்: கண்டியுங்கள். ஆனால் அதற்கு முன், அந்தச் சொல் அவனுக்கு எங்கிருந்து கிடைத்தது என்று விசாரியுங்கள். எட்டு வயதுப் பிள்ளை அதைத் தானாக உண்டாக்கியிருக்க மாட்டான். சாப்பாட்டு வேளையில் நாம் அக்கம்பக்கத்தாரைக் குறித்துப் பேசுவதையோ, ஞாயிறு பள்ளியில் ஓர் ஆசிரியர் யோசியாமல் சொன்னதையோதான் அவன் வாசலில் நின்று திருப்பிச் சொல்லியிருப்பான். நம் வீட்டிலிருந்து வந்திருந்தால் மனந்திரும்ப வேண்டியவர்கள் நாம்.

படைக்கப்பட்ட பண்டத்தைச் சாப்பிடுவது குறித்துக் கிறிஸ்தவக் குடும்பங்களுக்குள் ஒரே வழக்கம் இல்லை. கொரிந்து சபையிலேயே இந்தக் கேள்வி எழுந்து, பவுல் அதைக் குறித்து விரிவாக எழுதினார். உணவைவிடச் சகோதரனுடைய மனச்சாட்சியைப் பெரிதாக எண்ணும்படி அவர் கற்பித்தார். உங்கள் குடும்பம் வாங்கிக்கொள்ளும் குடும்பமானாலும் வாங்கிக்கொள்ளாத குடும்பமானாலும், அதை நன்றியோடும் புன்சிரிப்போடும் சொல்லும் விதத்தைப் பிள்ளைக்கு முன்கூட்டியே பழக்குவது பெற்றோரின் கடமை. நம்மிடம் நம்பிக்கையைக் குறித்துக் கேட்கிறவர்களுக்குச் சாந்தத்தோடும் வணக்கத்தோடும் உத்தரவு சொல்லும்படி பேதுரு எழுதுகிறார். கீழ்வீட்டுப் பையன் எதையும் கேட்கவில்லை. கையில் தட்டோடு அன்பாக வந்து நின்றான்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால், மகனை அழைத்துக்கொண்டு இன்று மாலையே கீழே இறங்குவேன். அந்தப் பையனுடைய அப்பா அம்மாவின் முன்னிலையில், "நாங்கள் வருத்தப்படுகிறோம்" என்று முதலில் நான் சொல்வேன். பிறகு மகன் சொல்லட்டும். மேலே வந்த பிறகு, நூற்றுக்கு அதிபதியின் கதையை அவனுக்கு வாசித்துக் காட்டுவேன். இஸ்ரவேலன் அல்லாத அந்த ரோம அதிகாரியின் விசுவாசத்தைக் கண்டு இயேசு ஆச்சரியப்பட்டு, இஸ்ரவேலருக்குள்ளும் இப்படிப்பட்ட விசுவாசத்தைக் காணவில்லை என்றார். கிறிஸ்துவை நேசிக்கிற பிள்ளை அயலானை அழவைத்துவிட்டு அதை விசுவாசம் என்று எண்ணிக்கொள்ள விடக் கூடாது. டிசம்பரில் கீழ்வீட்டுக்குக் கேக்கும் முறுக்கும் கொண்டுபோகும் வேலையை அவனிடமே கொடுங்கள்.

கேள்வி: பதின்மூன்று வயதான என் மகள் குடும்ப ஜெபத்துக்கு வர மறுக்கிறாள். கூப்பிட்டால் படிக்க வேண்டும் என்கிறாள். வற்புறுத்தினால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்காருகிறாள். ஜெபம் முடியும்போது எல்லாரும் கோபமாக இருக்கிறோம். விட்டுவிடுவதா, கட்டாயப்படுத்துவதா?
(வாசகர், மதுரை)

பதில்: ஐயா, என் சொந்தத் தவறு ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. என் மகள் பத்து வயதில் மதிப்பெண் அட்டையில் என் கையெழுத்தைத் தானே போட்டுவிட்டாள். எனக்கு வந்த கோபத்தில், நாங்கள் ஜெபிக்கும் அறையில் அவளை முழங்காலில் நிற்கவைத்து, "ஆண்டவரிடம் மன்னிப்புக் கேட்கும்வரை எழுந்திருக்கக் கூடாது" என்றேன். அரை மணி நேரம் அவள் வாயைத் திறக்கவில்லை. நானும் விடவில்லை. கடைசியில் அவளுடைய பாட்டி வந்துதான் தூக்கிக்கொண்டு போனார்கள். அதற்குப் பிறகு பல வருடங்கள் அவள் என் முன்னால் வாய்விட்டு ஜெபித்ததே இல்லை. ஆலயத்தில் பாடுவாள், வசனம் சொல்வாள். வீட்டில், நான் இருக்கும்போது, ஜெபிக்க மாட்டாள். ஜெபத்தை நான் தண்டனையாக அவள் கையில் கொடுத்துவிட்டேன்.

"பிதாக்களே, நீங்களும் உங்கள் பிள்ளைகளைக் கோபப்படுத்தாமல்" என்று எபேசியருக்கு எழுதின நிருபத்தில் ஒரு வாக்கியம் தொடங்குகிறது. அதன் பிற்பகுதியான சிட்சையையும் போதனையையும் நாம் நன்றாக மனப்பாடம் செய்திருக்கிறோம். முற்பகுதியைப் பிரசங்கத்தில் நான் அதிகம் கேட்டதில்லை. உங்கள் வீட்டு ஜெபம் கோபத்தில் முடிகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஆகவே ஒரு மாதத்துக்கு அந்தச் சண்டையை நிறுத்திவையுங்கள். ஜெபத்தை நிறுத்த வேண்டாம்; நீங்களும் மனைவியும் வழக்கம்போல உட்காருங்கள், கதவைத் திறந்து வைத்து, சுருக்கமாக ஜெபியுங்கள். அந்த ஜெபத்துக்குள் மகளுக்குப் புத்தி சொல்லாதீர்கள். "ஆண்டவரே, பெற்றோருக்குக் கீழ்ப்படியாத பிள்ளைகளை மாற்றும்" என்று அடுத்த அறைக்குக் கேட்கும்படி ஜெபிக்கும் வழக்கம் நம் வீடுகளில் உண்டு. பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு அது யாரைப் பார்த்துச் சொல்லப்படுகிறது என்பது தெரியாமல் போகாது.

அதற்குப் பதிலாக அவளிடம் உங்களுக்காக ஜெபிக்கும்படி கேளுங்கள். அலுவலகத்தில் உங்களுக்கு உண்மையிலேயே ஒரு நெருக்கடி இருந்தால், மறைக்காமல், அவள் தாங்கக்கூடிய அளவுக்குச் சொல்லி, "நாளைக்குப் பதினொரு மணிக்கு அப்பாவை நினைத்துக்கொள்" என்று மட்டும் சொல்லுங்கள். எனக்கு அறுவைச் சிகிச்சை நடந்த அன்று காலையில் நான் என் மகளிடம் அப்படித்தான் கேட்டேன். அப்போது அவளுக்குப் பத்தொன்பது வயது. பழைய சம்பவத்துக்காக மன்னிப்பும் கேட்டேன். "அதை இன்னுமா நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள் அப்பா" என்றாள், ஆனால் அவளும் மறக்கவில்லை என்பது அவள் குரலில் தெரிந்தது. ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு போகும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். லிஃப்ட் வருவதற்குள் மெதுவாக, இரண்டே வரி, சத்தமாக ஜெபித்தாள்.

ஒரு மாதம் கழித்து என்ன நடந்தது என்று எனக்கு எழுதுங்கள். எதுவும் மாறவில்லை என்றாலும் எழுதுங்கள். உங்கள் மகளுக்காக நான் ஜெபித்துக்கொண்டிருப்பேன்.